கண்ணாடிக் கணக்கு

என் கூரைத் தகரத்தைக் காற்று பிடுங்கி
டோங்கோவின் தக்காளிக் கூண்டின்மேல் வீசியது.
பதினாறு கண்ணாடி போச்சு என்றான்.
பதினான்கு என்றேன்.
புந்தா அரேனாஸ் ஊரில்
காற்று செய்ததற்கு யார் காசு தருவது?
அதோடு பதினொரு வருஷம்
முகம் கொடுத்துப் பேசவில்லை.
யார் காலில் யார் விழுவது, அதுதான் விவகாரம்.

பிறகு சர்க்கரை வந்தது.
எனக்கு முதலில்.
அவனுக்கு அடுத்த குளிர்காலம்.

மருத்துவமனையில் ஒரே நாள் வரச் சொல்லியிருந்தார்கள்.
நர்ஸ் மிரேயா என்னைக் கண்மூடச் சொன்னாள்.
நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவாளாம்,
தெரிந்தால் சொல்ல வேண்டுமாம்.
தெரிகிறது என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, தெரிகிறது.
மறுபடியும், நன்றாகவே தெரிகிறது.
"நான் இன்னும் தொடவே இல்லை, தோன் ஒனோஃப்ரே."
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தான்.
யாரோ என்ன, அந்த இருமல் கலந்த சிரிப்பு
ஊரில் ஒருவனுக்குத்தான் உண்டு.
அவன் முறை வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.
அவனும் பொய்தான் சொன்னான்.

நான் மிரேயாவிடம் சொல்லாதது ஒன்று உண்டு:
செம்மறிக் காதில் மாட்டும் எண் தகடு
பூட்ஸுக்குள் கிடந்திருக்கிறது, ஒரு பகல் முழுக்க.
மேய்ச்சல் நிலம் சுற்றிவிட்டு வந்து கழற்றினால்
குதிகாலில் 4, 0, 7.
தலைகீழாக.
இப்போது பூட்ஸைக் கவிழ்த்து உதறாமல்
கால் நுழைப்பதில்லை.

ராத்திரிதோறும் பாதம் பார்க்க
ஒரு கைக்கண்ணாடி கொடுத்து அனுப்பினாள்.
குனிந்தால் தொந்தி.
தொந்தியைத் தாண்டினால் மூச்சு.
மூச்சையும் தாண்டினால்
கண்புரைக்குள் ஒரு மங்கல் மீன்,
அதுதான் என் கால் என்று நம்ப வேண்டும்.

எட்டு மணிக்குக் கதவு தட்டினான் டோங்கோ.
ஒரு கையில் அவனுக்குக் கொடுத்த கண்ணாடி,
மறு கையில் கழற்றிய காலுறை.
வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.
"உன்னுடையதை நான் பார்க்கிறேன்.
என்னுடையதை நீ பார்."

அப்படித்தான் அவன் கால் என் மடிக்கு வந்தது.
கிடாய் மிதித்துக் கோணிய சுண்டுவிரல்.
ரொட்டி மேலோடு மாதிரி வெடித்த குதிகால்,
அதற்கு க்ரீம்.
விரல் இடுக்கில் க்ரீம் கூடாது,
அங்கே ஈரம் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது
என்று நான் சொல்வேன்,
தெரியும்டா என்பான்.
நகத்தை நேராக வெட்டு,
மூலையில் தோண்டாதே, இது ஆட்டுக் குளம்பா என்று
அவன் என்னைத் திட்டுவான்.
காலைப் பிடிக்க மாட்டோம் என்றிருந்த இரண்டு பேர்
காலைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோம்.
கூண்டைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
அவன் வெள்ளைக் காலுறையில் ஒரு சிவப்பு.
வெள்ளைதான் போட வேண்டும் என்று
மிரேயா ஏன் சொன்னாள் என்பது அப்போது புரிந்தது.
உரித்தேன். கொப்புளம் உடைந்து,
பெருவிரலுக்குக் கீழே பச்சை மாமிசம்.
"அடுப்புக்கிட்ட வைத்தாயா?"
"கொஞ்ச நேரம்தான். சூடே இல்லையே அது."

அவன் சாவகாசமாக மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
எனக்குத்தான் அடிவயிறு சுண்டியது.

சுத்தத் துணியைச் சுற்றி,
தொப்பியை அவன் தலையில் அமுக்கி,
டாக்சி நிற்கும் முனைவரை
காற்றுக்காகத் தெருவில் கட்டியிருக்கும் கயிற்றை
நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.
மறு கையில் அவன்.
அந்தக் காலை ஊன்றாதே என்றால் கேட்கவில்லை.
ஜலசந்தி முழுக்க எங்கள் முகத்தில் அடித்தது.

டாக்சிக்குள் கதவு சாத்தியதும்
திடீரென்று அமைதி.
காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.
யாரும் கேட்கவில்லை.

"பதினாறு" என்றான், ஜன்னலைப் பார்த்தபடி.

"பதினான்கு" என்றேன்.
"ஆடாமல் இரு."